அர்செனோவுக்குப் பதிலாக

அணைக்கட்டு முகாம், வட கியூபெக்
2024 அக்டோபர் 13

அன்புள்ள தம்பி றெனோல்ட்,

நீயும் மச்சாள் அனோஜினியும் சுகம்தானே? அவளுடைய முழங்கால் எப்படி இருக்கிறது? நான் சுகம். இங்கே பனி விழத் தொடங்கிவிட்டது. முகாம் குசினியில் இருநூறு பேருக்குச் சமைக்கும்போது குளிர் தெரிவதில்லை, வெளியே வந்தால்தான் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. போன் இங்கே மூன்று சொல்லுக்கு ஒருமுறை அறுகிறது. அறாத நேரத்தில் நமக்குள் சண்டை வருகிறது. அதனால் இனி மின்னஞ்சலில்தான் எழுதப்போகிறேன். ஒற்றை வரியில் பதில் போடாதே.

சனிக்கிழமை உங்கள் ஐஸ் ஹொக்கி மட்சைக் கணினியில் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. திரும்ப ஓடத் தொடங்கும்போதெல்லாம் பக் வட்டு உங்கள் வலைக்குள் கிடக்கிறது. ஆறு கோல்! டிஃபென்ஸ் பெடியளைப் பழக்குவது நீதானே? அவர்கள் என்ன, வாசலில் நின்று பொஞ்சூர் என்று வணக்கம் சொல்லி ஆட்களை உள்ளே விடுகிறார்களா?

அது உன் பாடு. என் பாடு மிதுசன். கடைசிப் பகுதி முழுக்க அவனை ஏன் பெஞ்சில் இருத்தி வைத்தீர்கள்? உன் அத்தான் கண்ணை மூடின பிறகு, தாய்மாமன் உதவிப் பயிற்சியாளராக இருக்கிற அணி, தாய்மாமன் வீட்டிலேயே சாப்பாடும் படுக்கையும் என்று நம்பித்தானே அவனை உன்னிடம் விட்டுவிட்டு இந்தக் காட்டுக்கு வேலைக்கு வந்தேன்? பெஞ்சில் இருத்துவதற்கு என்றால் எங்கள் கார்ட்டியர்வில் வீட்டிலேயே ஒரு வாங்கு கிடக்கிறது.

நன்றாகச் சாப்பிடுகிறானா? எழுது.

மாதா உங்கள் எல்லோருக்கும் துணை.
அக்கா சர்மிளா


புவாண்ட்-கிளேர்
2024 அக்டோபர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். அனோஜினி முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டாள். இப்போது படி ஏறுகிறாள், ஏறும்போது என்னை ஏசவும் மூச்சு மிஞ்சுகிறது. நீங்கள் கம்பளிக் காலுறை இரண்டு சோடி போடுங்கள்.

டிஃபென்ஸ் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நான் ஒவ்வொரு நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவன் பக்கைக் கண்டதும் கையில் நெருப்புப் பட்டவன் மாதிரி எங்கேயாவது அடித்துத் தள்ளிவிடுகிறான். இன்னொருவனுக்கு “இடப்பக்கம்!” என்று கத்தினால், என்ன என்று என்னைத் திரும்பிப் பார்க்கிறான். அந்த நேரத்துக்குள் எதிரணிக்காரன் அவனைத் தாண்டிப் போய்விடுகிறான். கத்திக் கத்தி என் தொண்டை போய்விட்டது. கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மிதுசனை எப்போது இறக்குவது என்பது தலைமைப் பயிற்சியாளரின் முடிவு. முன்வரிசை விஷயத்தில் நான் வாய் திறப்பதில்லை. மருமகன் என்பதால் கொஞ்சமும் திறக்க ஏலாது. இதைப் போன வருடமும் சொன்னேன், அதற்கு முந்தின வருடமும் சொன்னேன்.

சாப்பிடுகிறான். அனோஜினியின் நண்டுக் கறிக்கு மட்டும் இரண்டாம் தரம் தட்டு நீட்டுகிறான். வீட்டில் கதை குறைவு. பத்தொன்பது வயதில் நானும் அப்படித்தானே இருந்தேன்.

அன்புடன்,
தம்பி றெனோல்ட்


அணைக்கட்டு முகாம்
2024 நவம்பர் 14

அன்புள்ள தம்பி,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எனக்குக் கையில் கொஞ்சம் சூடு பட்டது, பெரிதாக ஒன்றுமில்லை.

மூன்று கிழமை வேலை செய்து ஒரு கிழமை லீவில் மொன்றியலுக்கு வந்தேன். என் மகன் உங்கள் அணியோடு பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்விட்டான். நீயும் போய்விட்டாய். நான் கார்ட்டியர்வில் வீட்டில் தூசி தட்டிவிட்டு, பூசைக்குப் போய்விட்டு, திரும்ப டோர்வலில் விமானம் ஏறினேன். இந்த மட்ச் அட்டவணையைப் போட்டவன் யார் என்று எனக்குக் காட்டு. நான் அவனோடு கதைக்க வேண்டும்.

“கதை குறைவு” என்று எழுதியிருந்தாய். என்ன அர்த்தம்? நீ பத்தொன்பது வயதில் கதைக்காமல் இருந்தது யாரோ ஒரு பெட்டைக்காக. இவனுக்கு என்ன? எனக்குப் போன் எடுத்தால் “ஓம் அம்மா, இல்லை அம்மா, சரி அம்மா” என்று மட்டும்தான் வருகிறது. வீட்டில் வைத்துக் கேட்டால் அனோஜினி நடுவில் தேத்தண்ணி கொண்டுவருவாள். ஒருநாள் காருக்குள் இருத்தி வைத்துக் கேள். நீதானே மாமன்.

டிஃபென்ஸுக்கு ஆளில்லை என்றால் வேறு அணியிடமிருந்து எடுங்கள். தை மாதம் வரைக்கும் ஆளுக்கு ஆள் மாற்றி ட்ரேட் செய்யலாம்தானே? உட்கார்ந்து கொத்தமல்லி குடித்தால் ஆள் வருமா?

அக்கா சர்மிளா


புவாண்ட்-கிளேர்
2024 நவம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

கைச் சூட்டுக்கு மருந்து போட்டீர்களா? இங்கே எல்லோருக்கும் தடிமன், மூக்கு ஒழுகுகிறது, மற்றப்படி சுகம்.

ஆள் இருக்கிறான் அக்கா. கிழக்கே கடலோரத்தில் சென்-எலியாஸ் என்று ஒரு ஊர், காரில் ஒரு பகல் முழுக்க ஓட வேண்டும். அந்த ஊர் அணியில் ஃபீலிக்ஸ் அர்செனோ என்று ஒரு டிஃபென்ஸ் பெடியன். பதினேழு வயது. எங்கள் மனேஜர் லாக்ரூ என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். போனேன்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவன் வேகமாக ஓடுவதே இல்லை, ஆனால் எல்லா இடத்துக்கும் முதலே வந்து நிற்கிறான். இரண்டு பேர் அவனை மூலையில் வைத்து நெரிக்கிறார்கள். தோளை இப்படிக் கொஞ்சம் சாய்த்தான், அவ்வளவுதான், அந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டார்கள். இவன் பக்கைக் கொண்டு தன் பாட்டுக்குப் போகிறான். நான் பக்கத்தில் இருந்த கிழவரின் கையைப் பிடித்துவிட்டேன். அவர் “வூய், வூய்” என்று தலையாட்டி, “அவன் அப்படித்தான்” என்றார்.

லாக்ரூ என் கருத்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். அவர்களும் சும்மா தர மாட்டார்கள். விளையாடித் தேறின முன்வரிசைக்காரன் ஒருவன் வேண்டும் என்கிறார்கள். பதினேழு வயதுப் பெடியன் இன்றைக்கு இருப்பது மாதிரியே நாளைக்கும் இருப்பான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அடுத்த வருடம் இன்னும் உயர்ந்து, கால் வேறு மாதிரியாகி, ஒன்றுமில்லாமலும் போகலாம். மூன்று தரம் எழுதத் தொடங்கி மூன்று தரமும் அழித்துவிட்டேன்.

அன்புடன்,
றெனோல்ட்


அணைக்கட்டு முகாம்
2024 டிசம்பர் 2

தம்பி,

சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. எடு!

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கார் வாங்க நாலு வருடம் யோசித்தாய், அதற்குள் அந்தக் காரைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். ஆறு கோல் வாங்குகிற அணிக்கு முன்வரிசைக்காரன் எதற்கு? உங்களிடம் முன்வரிசையில் பன்னிரண்டு பேர் பெஞ்சில் இடம் பிடிக்கச் சண்டை போடுகிறார்கள். கேட்கிறவனைக் கொடுத்துவிட்டு அந்தப் பெடியனைக் கூட்டிக்கொண்டு வா. போகிறவனுக்கும் நல்லது, புது ஊரில் விளையாடக் கிடைக்கும். யாராவது தாய் அழுவாள்தான். அழுதுவிட்டு அடுத்த கிழமை சரியாகிவிடுவாள்.

உனக்குத் துணிவு காணாது. அதுதான் உன் வருத்தம், தடிமன் இல்லை.

மிதுசனைக் கேட்டாயா? அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நத்தாருக்கு எனக்கு லீவு இல்லை. அனோஜினியிடம் சொல்லு.

அக்கா


புவாண்ட்-கிளேர்
2024 டிசம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நத்தார் வாழ்த்துக்கள். இவ்வளவு நாள் எழுதாததற்குக் குறை நினைக்காதேயுங்கள். உங்கள் சுகத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தோம். பாலன் பிறப்புக் குடிலை இந்த முறை அனோஜினியோடு கோயில் வேலை செய்கிற ஆட்கள் கட்டினார்கள், ஒட்டகம் மாட்டைவிடச் சின்னதாக நிற்கிறது. உங்களுக்காகக் கேக்கில் ஒரு பங்கு எடுத்து உறைய வைத்திருக்கிறாள்.

நீங்கள் சொன்னபடி மிதுசனோடு காருக்குள் இருந்து கதைத்தேன். கோயிலுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியெல்லாம் மூடிப் பனி படியும் வரைக்கும் இருந்தோம். நிறையக் கதைத்தான். நல்ல பிள்ளை அக்கா. நீங்கள் அவனை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள்.

ட்ரேட் விஷயத்தில் என் கருத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி லாக்ரூவின் கையில்.

அன்புடன்,
றெனோல்ட்


அணைக்கட்டு முகாம்
2025 ஜனவரி 6

றெனோல்ட்,

நேற்று மிதுசன் போன் எடுத்தான். வழக்கம் போல அறுந்து அறுந்து வந்தது. “அம்மா, நான் சென்-எலியாஸுக்குப் போறன்” என்றான். மட்சுக்குப் போகிறான் என்று நினைத்து, “கவனமாப் போயிட்டு வா, சால்வை எடுத்தனியோ?” என்று கேட்டேன். “இல்லை அம்மா, அங்கயே போறன். என்னைக் குடுத்திட்டினம்” என்றான். பிறகு அறுந்துவிட்டது. திரும்ப எடுக்க அரை நாள் ஆனது. அந்த அரை நாளும் நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு நின்றேன்.

கேட்கிறவனைக் கொடு என்று என் வாயாலேயே சொல்ல வைத்தாயே! அவர்கள் யாரைக் கேட்டார்கள் என்று அப்போதே உனக்குத் தெரியும். மூன்று தரம் எழுதி மூன்று தரம் அழித்தேன் என்று எழுதினாய், எதை அழித்தாய், அவனுடைய பெயரையா? நத்தார்க் கடிதத்தில் ஒட்டகத்தின் உயரம் எழுத உனக்கு இடம் இருந்தது. அவனை நன்றாக வளர்த்திருக்கிறேன் என்றும் எழுதினாய். விற்கிறதுக்கு முதல் சாமானைப் புகழ்வது அப்படித்தானோ?

அவன் உன் மேசையில் சாப்பிட்டான். உன் கோப்பையைக் கழுவினான். அந்த மேசையில் இருந்துதான் அவனைக் கொடுக்கலாம் என்று எழுதினாயா?

பதில் எழுதுவதென்றால் என்ன நடந்தது என்று எழுது. சுகம் விசாரிக்காதே.

சர்மிளா


புவாண்ட்-கிளேர்
2025 ஜனவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கேட்டதில் பிழை இல்லை. மனேஜருக்கு எழுதிக் கொடுத்தது நான்தான். அர்செனோ வேண்டும் என்றும், அவனுக்குப் பதிலாக மிதுசனைக் கொடுக்கலாம் என்றும் எழுதினேன். உங்களுக்கு அந்தச் செய்தி அறுந்த போனில் வந்திருக்கக் கூடாது. அதற்கு மன்னியுங்கள். இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

நானே அவனைக் காரில் கொண்டுபோய் விட்டேன். மீன் கடை வைத்திருக்கிற ஒரு குடும்பத்தோடு தங்கியிருக்கிறான். அந்த மனிசி அவன் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்துவிட்டு, உடனே தன் மகனுடைய பழைய பூட்ஸைக் கொண்டுவந்து தந்தாள். அறையில் ஜன்னலைத் திறந்தால் கடல். குளிரில் ஏன் திறக்கிறாய் என்று அவள் கத்துவதை என் காதால் கேட்டேன். பார்த்துக்கொள்வாள்.

அனோஜினி என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

றெனோல்ட்


புவாண்ட்-கிளேர்
2025 பெப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா என்று கேட்கக் கூடாது என்றீர்கள். அப்படியென்றால் இருக்கிறீர்களா என்று கேட்கிறேன். நான்கு கிழமையாக ஒரு வரி இல்லை. முகாமுக்குப் போன் எடுத்தால் யாரோ ஒருவன் எடுத்து, “மதாம் சர்மிளா வேலையில்” என்கிறான். பின்னால் உங்கள் சத்தம் கேட்கிறது. வேலையில் இருக்கிற ஆளுக்கு “நான் இல்லையெண்டு சொல்லு” என்று தமிழில் சொல்ல நேரம் இருக்கிறது. பாவம், அவனுக்கு அது விளங்கியும் இருக்காது.

அர்செனோவின் அம்மாவும் என்னோடு கோபம். ஒவ்வொரு ஞாயிறும் எனக்குப் போன் எடுத்து, மொன்றியலில் அவனுக்கு மீன் சாப்பிடக் கொடுக்கிறார்களா, ஏன் மெலிந்துவிட்டான் என்று பிரெஞ்சில் ஏசுகிறாள். இந்த ட்ரேட்டில் இரண்டு பக்கத்துத் தாய்மாரும் என்னைத்தான் பிடித்திருக்கிறீர்கள். லாக்ரூவை ஒருவரும் கேட்பதில்லை.

மார்ச் முதலாம் திகதி சென்-எலியாஸில் எங்களுக்கு மட்ச். மிதுசனைப் பார்ப்பேன். அவனுக்கு ஏதாவது கொடுத்துவிட வேண்டுமென்றால் எழுதுங்கள். எனக்கு எழுத விருப்பமில்லை என்றால் அனோஜினிக்கு எழுதுங்கள். அவள் எனக்குச் சொல்ல மாட்டாள்தான், பொதியில் வைத்துக் கட்டியாவது விடுவாள்.

றெனோல்ட்


சென்-எலியாஸ்
2025 மார்ச் 3

அன்புள்ள தம்பி றெனோல்ட்,

நீயும் அனோஜினியும் சுகமாக இருக்க வேண்டும். இந்த முறை மனதார எழுதுகிறேன்.

நான் எங்கிருந்து எழுதுகிறேன் என்று மேலே பார். லீவு கிடைத்ததும் மொன்றியலில் இறங்கி, வீட்டுக்கும் போகாமல் பஸ் ஏறி இங்கே வந்துவிட்டேன். மீன்கடை மனிசி அவளுடைய கணினியைத் தந்திருக்கிறாள். போன் இங்கே நன்றாக வேலை செய்கிறது. ஆனால் எடுத்தால் நான் அழுவேன், நீ “ஹலோ, ஹலோ, விளங்கேல்லை” என்று கத்திக்கொண்டிருப்பாய். அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை மட்சுக்கு வந்தேன். நீ பெஞ்சுக்குப் பின்னால் கைகட்டிக்கொண்டு நின்றாய். மயிர் கொட்டிவிட்டது உனக்கு. நான் எதிர்ப்பக்கத்தில், மேலே கடைசி வரிசையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தேன். வந்து கதைக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

அந்த அர்செனோவைப் பார்த்தேன். நீ எழுதினதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். இரண்டாம் பகுதியில் மிதுசன் பக்கோடு பறந்து வந்தான், நான் எழும்பிவிட்டேன். அந்த அர்செனோ எங்கேயிருந்து வந்தான் என்றே தெரியாது, மிதுசன் ஐஸைச் சுற்றியிருக்கிற பலகையில் போய் மோதி விழுந்தான். மிதுசன் எழும்பினான். தன் ஸ்டிக்கால் அந்தப் பெடியனின் காலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தான். பல் தெரியச் சிரித்தான், றெனோல்ட். அவன் உன் வீட்டிலிருந்த இரண்டு வருடத்தில் நான் அந்தப் பல்லைப் பார்க்கவில்லை.

மட்ச் முடிந்து அவனோடு கோப்பிக் கடைக்குப் போனேன். உன்னை ஏசத் தொடங்கினேன். கோப்பிக்குச் சீனியைப் போட்டுக் கலக்கினான். பிறகு, “மாமாவை ஏசாதேங்கோ அம்மா. நான்தான் கேட்டனான்” என்றான்.

“என்னத்தைக் கேட்டனி?”

“என்னைக் குடுக்கச் சொல்லி. கோயிலடியில காருக்குள்ள இருந்து அழுது கேட்டனான். அவர் மாட்டன் எண்டவர். பேந்து ஓம் எண்டவர்.”

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். உடுப்பு மாற்றுகிற அறையில் அவனுக்குப் பெயர் கிடையாதாம், “மருமகன்” என்றுதான் பிரெஞ்சில் கூப்பிடுவார்களாம். கோல் அடித்தால் மாமன் இறக்கிவிட்டான் என்பார்களாம், பெஞ்சில் இருந்தால் மாமனுக்கே இவனைப் பிடிக்கவில்லை என்று சிரிப்பார்களாம். இதெல்லாம் உன் காதிலும் விழுந்திருக்கிறது, நீ ஒன்றும் செய்ய முடியாமல் நின்றாய் என்றான். அவனாகவேதான் அதைச் சொன்னான், குற்றமாகச் சொல்லவில்லை.

“என்னட்ட ஏனடா சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“நீங்கள் எனக்காகத்தானே அந்தக் காட்டுக்கு வேலைக்குப் போனீங்கள். எல்லாம் நீங்கள் ஒழுங்குபடுத்தின விஷயம். எனக்கு அங்க சரிவரேல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது? அதுதான் மாமாவையும் உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டனான்.”

எனக்கு யாரைப் பிடித்து உலுப்புவது என்று தெரியவில்லை. நான் அவனுக்காகப் போகவில்லை, தம்பி. உன் அத்தான் எங்கள் கார்ட்டியர்வில் குசினியில்தானே விழுந்து உயிர் விட்டார். அதற்குள் நின்று தனியாக ஒரு தேத்தண்ணி போட என்னால் முடியவில்லை. மகனுடைய விளையாட்டுக்காகப் போகிறேன் என்றால் ஒருவரும் மறித்துக் கேட்க மாட்டீர்கள். எனக்கு அந்த முகாம் பிடித்திருக்கிறது. அங்கே இருநூறு பேரும் பசியோடு வருகிறார்கள், ஒருவரும் என்னைப் பாவம் என்று பார்ப்பதில்லை. இதை அவனிடம் சொன்னேன். “அப்ப நான் சும்மாதான் இவ்வளவு நாளும் பயந்தனானோ?” என்று கேட்டான்.

உன்னை ஏசி நான் எழுதிய எழுத்தெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. விற்கிற சாமான் என்று எழுதினேன். கோப்பியை அப்படியே விட்டுவிட்டு அரீனாவுக்கு ஓடினேன். முன்வாசலில் ஒருவரும் இல்லை, பஸ் நின்ற இடத்தில் பனியில் சில்லுத் தடம் மட்டும் கிடந்தது. போய்விட்டீர்கள். மிதுசன் பின்னாலேயே என் சால்வையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

ஒரு வார்த்தை எழுதியிருந்தால் என்ன? நான் உன்னை ஏச ஏச, வாயை மூடிக்கொண்டு பூட்ஸைப் பற்றியும் ஜன்னலைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தாய். மூளையில்லாத மக்கன்.

வியாழன் மொன்றியலுக்கு வருகிறேன். வெள்ளி காலையில் முகாமுக்கு விமானம்.

உன் அக்கா


புவாண்ட்-கிளேர்
2025 மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் அந்தக் குளிரில் சால்வை இல்லாமல் ஓடினது சரியில்லை. நெஞ்சில் சளி பிடித்திருந்தால் இப்போதே மருந்து எடுங்கள்.

பஸ் போகவில்லை அக்கா. கதவு பூட்டுப்பட மறுத்துவிட்டது. அதைத் திருத்துவதற்காக ட்ரைவர் பஸ்ஸை அரீனாவின் பின்பக்கம், குப்பைத் தொட்டியடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். கடைசியில் ஸ்கேட் நாடாவால் கதவைக் கட்டிக்கொண்டுதான் வெளிக்கிட்டோம். நீங்கள் முன்வாசலில் நின்ற நேரம் நான் பின்னால், திறந்த கதவடியில், இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு இருந்திருப்பேன். கட்டிடத்தைச் சுற்றி நடந்து வந்திருந்தால் என்னை நேரிலேயே ஏசியிருக்கலாம்.

நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மிதுசன் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் அவன் என்னை நல்லவனாக்கிவிட்டான், அது முழுக்கச் சரியில்லை. சென்-எலியாஸ்காரர் நவம்பரிலேயே மிதுசனைத்தான் கேட்டார்கள். அர்செனோ எங்களுக்கு வேண்டும் என்று நான் மனதார எழுதினேன். மிதுசன் காருக்குள் இருந்து கேட்டிருக்காவிட்டால் அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருப்பேன் என்று கேட்காதேயுங்கள். நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். ஒருநாள் ஒரு பதில் வருகிறது, அடுத்த நாள் வேறு பதில் வருகிறது. நீங்கள் ஏசினபோது நான் பேசாமல் இருந்ததற்கு அவனுக்குக் கொடுத்த வாக்கு மட்டும் காரணம் இல்லை.

கார்ட்டியர்வில் குசினியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு அது விளங்கியிருக்க வேண்டும். வியாழன் அங்கே போகாதேயுங்கள். பஸ் நிலையத்துக்கு நான் காரோடு வருகிறேன், எங்கள் வீட்டில் தங்குங்கள், வெள்ளி காலை டோர்வலில் நானே விடுகிறேன். உங்கள் கேக் இன்னும் உறைபெட்டிக்குள் கிடக்கிறது.

ஒரு உதவி. அனோஜினிக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஜனவரியிலிருந்து அவள் என்னோடு கதைப்பது உப்பு, சீனி, குப்பை என்ற மூன்று சொல்லில்தான். உண்மை இதுதான் என்று நான் இப்போது போய்ச் சொன்னால், இரண்டு மாதம் யோசித்துக் கட்டின கதை என்பாள். நீங்கள் வந்து, காலணி கழற்ற முதலே, அவளிடம் சொல்லுங்கள். அதுவரைக்கும் நான் காரைத் துடைத்துக்கொண்டு வெளியே நிற்கிறேன்.

அன்புத் தம்பி,
றெனோல்ட்